எழுத்தில் ஒரு மின்சுற்று

பஞ்சலோகச் சிலை வார்க்கும் சிற்பி எடுத்த எடுப்பிலே உலோகத்தை உருக்குவதில்லை. முதலில் மெழுகில் உருவம் செய்கிறார். விரல் தடித்துவிட்டதா, தோள் சரிந்துவிட்டதா என்று சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறார். மெழுகாக இருக்கும் வரையில் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். களிமண் பூசிச் சூடேற்றி, உருகிய உலோகத்தை ஊற்றிய பிறகு பெருந்தவறு தெரிந்தால், உடைத்து மறுபடியும் உருக்க வேண்டியதுதான்.

சிலிக்கன் சில்லு செய்வோர் நிலையும் அஃதே. சில்லு தொழிற்சாலைக்குப் போகும் வரையில்தான் திருத்தம். போய் வந்த பிறகு தவறு தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1994-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றே போதும். இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சில்லு, சில எண்களை வகுக்கும்போது தவறான ஈவைத் தந்தது. அமெரிக்காவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் தம் ஆராய்ச்சிக் கணக்கு ஒவ்வாமற்போகவே, காரணத்தைத் தேடித் தேடி இறுதியில் சில்லையே பிடித்தார். வகுத்தலுக்கு உதவும் அட்டவணையில் நிரப்பப்பட வேண்டிய 1,066 இடங்களில் ஐந்து விடுபட்டுப் போயிருந்தன. அந்த ஐந்து இடங்களுக்காக இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்!

ஆகவே, சில்லை வார்ப்பதற்கு முன் அதனை மெழுகில் செய்து பார்க்கும் கலை இன்று பெரியதோர் அறிவியலாக வளர்ந்திருக்கிறது. அந்த மெழுகு வேறொன்றுமன்று, எழுத்து. மின்சுற்றை எழுத்தில் எழுதி, கணினியில் இயக்கிப் பார்க்கிறோம். இதற்குக் கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகள் வேண்டும் என்று நம்மவர் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அது முழு உண்மை அன்று. விடுதி அறையில், பழைய மடிக்கணினியில், காசு செலவின்றி இதைச் செய்யலாம். எங்ஙனம் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மொழி பிறந்த வரலாறு

முன்பெல்லாம் மின்சுற்றைப் படமாக வரைந்தார்கள். நூறு வாயில்கள் உள்ள சுற்றைப் படமாக வரையலாம். பதினாயிரம் வாயில்கள் என்றால் வரைவதும் இயலாது, வரைந்ததைப் படிப்பதும் இயலாது. எனவே சுற்றை விவரிக்க ஒரு மொழி தேவைப்பட்டது. வன்பொருள் விவரிப்பு மொழி என்று நாம் அதனை அழைக்கலாம்.

அவற்றுள் பெரிதும் வழங்குவது வெரிலாக். கேட்வே டிசைன் ஆட்டோமேஷன் என்ற அமெரிக்க நிறுவனத்தில், 1983-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1984-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இம்மொழி உருவாயிற்று. உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் பில் மூர்பி. நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் பிரபு கோயல் என்ற இந்தியர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்றவர். சரிபார்த்தல், தர்க்கம் என்ற பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் ஒட்டே ‘வெரிலாக்’ என்ற பெயர். பெயரிலேயே சரிபார்த்தல் முன்னே நிற்பதைக் கவனியுங்கள்! 1989-இல் கேடன்ஸ் நிறுவனம் கேட்வேயை வாங்கிற்று, 1990-இல் மொழி பொதுவில் திறந்துவிடப்பட்டது, 1995-இல் ஐ.இ.இ.இ. 1364 என்ற எண்ணில் தரநிலை ஆயிற்று. பின்னர் சிஸ்டம்வெரிலாக் என்ற பெயரில் விரிந்து, ஐ.இ.இ.இ. 1800 என்ற தரநிலையுள் அடங்கியது.

மொழி திறந்துவிடப்பட்டதால்தான், அதற்கான கம்பைலரை எவரும் எழுதலாம் என்ற நிலை வந்தது. ஸ்டீபன் வில்லியம்ஸ் என்பவர் எழுதத் தொடங்கி, பலருடைய உதவியால் வளர்ந்ததே ‘இக்காரஸ் வெரிலாக்’. கட்டற்ற மென்பொருளாகிய இதனை எவரும் இலவசமாகப் பெறலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம். லினக்ஸ் கணினியில் (உபுண்டு, டெபியன் வகை) ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐவெரிலாக் ஜிடிகேவேவ்’ என்ற ஒரே வரியில் வந்து அமர்ந்துவிடும். விண்டோஸுக்கும் மேக்குக்கும் உண்டு.

கறுப்புத் திரையைக் கண்டு அஞ்சலாமா?

இக்காரஸில் பொத்தான்கள் இல்லை. வண்ணச் சாளரங்கள் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தாக அடிக்க வேண்டும். நம் சங்கத்திற்குப் புதிதாக வரும் தம்பி தங்கையருள் சிலர், சிறப்பாகப் பள்ளியில் தமிழ் வழியிற் பயின்று வந்தோர், அத்திரையைக் கண்டதும் ‘இஃது ஆங்கிலம் சரளமாக வருவோர்க்கு உரியது’ என்று ஒதுங்குவதைப் பார்க்கிறேன். உண்மை இதற்கு நேர்மாறானது. கட்டளை வரியில் தேவைப்படும் ஆங்கிலச் சொற்கள் இருபதைத் தாண்டா. இலக்கணமோ திருக்குறளின் யாப்பைவிட எளிது: கட்டளையின் பெயர், விருப்பக் குறிகள், கோப்புகளின் பெயர்கள் – இவ்வளவே.

பயனோ பெரிது. பொத்தான்களை அழுத்திச் செய்த வேலையை நாளைக்கு மறுபடி செய்ய வேண்டுமென்றால், எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்தினோம் என்று நினைவுகூர வேண்டும். கட்டளையோ எழுத்தில் நிற்கிறது. நண்பருக்கு அனுப்பினால் அவரும் அதே முடிவைப் பெறுகிறார். ஒருவர் செய்ததை மற்றவரும் செய்து காண வேண்டும் என்பதன்றோ அறிவியலின் முதல் விதி? மேலும், விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் ஆய்வகக் கணினிகளோடு நின்றுவிடுகின்றன. மாலையில் ஆய்வகம் பூட்டப்படும்போது படிப்பும் பூட்டப்படுகிறது. நம் கணினியிலுள்ள கட்டளை வரிக்குப் பூட்டு இல்லை.

ஓர் எண்ணி

எடுத்துக்காட்டு இல்லாமல் இதை விளக்க முடியாது. ஆதலால் 0 முதல் 15 வரை எண்ணி, மீண்டும் 0-க்குத் திரும்பும் நான்கு பிட் எண்ணி ஒன்றை எழுதுவோம். ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டியவற்றை இங்கே ஒலிப்புப்படி தமிழெழுத்தில் தருகிறேன். கோப்பின் பெயர் ‘எண்ணி.வி’ என்க.

மாட்யூல் எண்ணி (இன்புட் கிளாக், இன்புட் ரீசெட், அவுட்புட் ரெக் [3:0] மதிப்பு);
ஆல்வேஸ் @(போஸ்எட்ஜ் கிளாக்)
இஃப் (ரீசெட்) மதிப்பு <= 0;
எல்ஸ் மதிப்பு <= மதிப்பு + 1;
எண்ட்மாட்யூல்

முதல் வரி, சுற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்களைக் கூறுகிறது. கிளாக், ரீசெட் என இரண்டு உள்ளே வருவன. மதிப்பு என்ற நான்கு கம்பிகள் வெளியே செல்வன. இரண்டாம் வரி, ‘கிளாக் 0-இலிருந்து 1-க்கு ஏறும் ஒவ்வொரு விளிம்பிலும்’ என்று பொருள்படும். ரீசெட் இருந்தால் 0 ஆக்கு. இல்லையேல் ஒன்று கூட்டு. இது கணினிக்கு இடும் கட்டளைத்தொடர் போலத் தோன்றினாலும், அவ்வாறு எண்ணுதல் கூடாது. இது நான்கு ஃபிளிப்-ஃபிளாப்புகளும் ஒரு கூட்டல் சுற்றும் சேர்ந்த பொருளின் வருணனை. நிரல் ஓடுகிறது, சுற்று இருக்கிறது. இந்த வேற்றுமையை மனத்திற் பதித்துக்கொண்டவர்க்கு வெரிலாக்கில் பாதி வந்துவிட்டது எனலாம்.

எண்ணி தானே இயங்காது. அதற்குக் கிளாக் தருவதற்கும், ரீசெட் செய்வதற்கும், விடையைப் பார்ப்பதற்கும் ஒரு சோதனை மேடை வேண்டும். அதனையும் அதே மொழியில் எழுதுகிறோம். கோப்பு ‘சோதனை.வி’.

`டைம்ஸ்கேல் 1என்எஸ்/1பிஎஸ்
மாட்யூல் சோதனை;
ரெக் கிளாக் = 0;
ரெக் ரீசெட் = 1;
வயர் [3:0] மதிப்பு;
எண்ணி பொருள் (கிளாக், ரீசெட், மதிப்பு);
ஆல்வேஸ் #5 கிளாக் = ~கிளாக்;
இனிஷியல் பிகின்
$டம்ப்ஃபைல்("அலை.விசிடி");
$டம்ப்வார்ஸ்(0, சோதனை);
#12 ரீசெட் = 0;
#200 $ஃபினிஷ்;
எண்ட்
எண்ட்மாட்யூல்

முதல் வரி, காலத்தின் அலகு ஒரு நானோவினாடி என்கிறது. இந்த மாட்யூலுக்குக் கால்கள் இல்லை. ஏனெனில் இதற்கு வெளியே உலகம் இல்லை. ‘#5’ என்றால் ஐந்து நானோவினாடி பொறு. ஐந்துக்கு ஒருமுறை கிளாக் தலைகீழாவதால் முழுச் சுற்று பத்து நானோவினாடி. அஃதாவது வினாடிக்குப் பத்துக் கோடி துடிப்பு. 12-ஆம் நானோவினாடியில் ரீசெட்டை விடுகிறோம். 212-ஆம் நானோவினாடியில் முடிக்கிறோம். இடையே நடப்பதையெல்லாம் ‘அலை.விசிடி’ என்ற கோப்பில் பதிவு செய்கிறோம்.

மூன்று கட்டளைகள்

இனித் திரைக்குச் செல்வோம். முதற் கட்டளை:

ஐவெரிலாக் -ஜி2012 -வால் -ஓ எண்ணி.விவிபி எண்ணி.வி சோதனை.வி

‘-ஜி2012’ என்பது 2012-ஆம் ஆண்டுத் தரநிலைப்படி படி என்ற ஆணை. ‘-வால்’ என்பதில் முதலெழுத்து மட்டும் ஆங்கிலப் பேரெழுத்து. ஐயத்திற்கிடமானவை யாவற்றையும் எச்சரி என்பது அதன் பொருள். ‘-ஓ’ என்பதை அடுத்து வருவது விளையும் கோப்பின் பெயர். அதைக் கொடாவிட்டால் ‘ஏ.அவுட்’ என்ற பெயரில் விளையும். பிழையும் எச்சரிக்கையும் இல்லையென்றால் திரையில் ஒரு சொல்லும் வாராது. புதியவர்கள் இம்மௌனத்தைக் கண்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். கட்டளை வரி உலகில் மௌனமே சம்மதம்.

உள்ளே நடந்தது யாது? முதலில் முன்செயலி, பின்குறியீடு இட்ட சொற்களை விரித்தது. பிறகு கம்பைலர் இலக்கணம் பார்த்தது. அதன் பின், எந்த மாட்யூலுக்குள் எந்த மாட்யூல் அமர்கிறது, எந்தக் கம்பி எங்கே சேர்கிறது என்று முழு வீட்டையும் கட்டியது. இதனை விரித்தமைத்தல் எனலாம். கடைசியாக, இயக்கியிடம் தருவதற்கான கோப்பை எழுதியது. அக்கோப்பு ரகசியக் குறியீடன்று, எழுத்தாகவே இருக்கும். திருத்தி ஒன்றில் திறந்து பாருங்கள். உங்கள் மதிப்பும் கிளாக்கும் அதில் வேறு உடையில் நிற்பதைக் காண்பீர்கள்.

இரண்டாம் கட்டளை:

விவிபி எண்ணி.விவிபி

இதுவே இயக்கி; சிமுலேட்டர். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்து, ‘அலை.விசிடி’ கோப்பு பிறந்திருக்கும். மூன்றாவதாக,

ஜிடிகேவேவ் அலை.விசிடி

என்றால் அலைகள் கண்முன் விரியும். தொடக்கத்தில் மதிப்பு சிவப்பாக இருக்கும். 5-ஆம் நானோவினாடியில் 0. 15-இல் 1. 25-இல் 2. இவ்வாறே ஏறி 155-இல் 15 ஆகி, 165-இல் 0-க்குத் திரும்பும். கடைசி விளிம்பாகிய 205-இல் 4. இதைத் தாளில் கணக்கிட்டு வைத்துக்கொண்டு திரையோடு ஒப்பிடுங்கள். முதல் நாள் இப்படிக் கையால் கணக்கிட்டவர்க்குப் பிறகு எந்த அலைப் படமும் அச்சம் தராது.

ஒன்று நினைவிருக்கட்டும். ‘$ஃபினிஷ்’ என்ற வரியை எழுதாவிட்டால் கிளாக் ஓயாது துடிக்கும், இயக்கி நிற்காது, அலைக்கோப்பு வீங்கி வட்டையே நிரப்பும். கன்ட்ரோல்-சி அழுத்தினால் இயக்கி நின்று ஒரு குறியைக் காட்டும். அங்கே ‘ஃபினிஷ்’ என்று அடித்து வெளியேறலாம்.

மூவகைப் பிழைகள்

பிழைகள் மூவகைப்படும். முதல் வகை இலக்கணப் பிழை. அரைப்புள்ளி விட்டுப்போயிற்றென்றால் இக்காரஸ் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் கூறிவிட்டு, ‘நான் கைவிட்டேன்’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி ஓய்ந்துவிடும். இதைக் கண்டு சிரிக்காத மாணவரை நான் பார்த்ததில்லை. இங்கே இரண்டு குறிப்புகள்: காட்டும் வரி சரியாக இருந்தால் அதற்கு முந்தின வரியைப் பாருங்கள், பல பிழைகள் வந்தால் முதற்பிழையை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகளே.

இரண்டாம் வகை, கட்டுமானப் பிழை. கட்டளையில் ‘எண்ணி.வி’யைக் குறிப்பிட மறந்தால், இலக்கணம் சரியே. ஆனால் எண்ணி என்ற மாட்யூலைக் காணோம் என்று பட்டியலிட்டுக் கூறும்.

இவ்வகையில் ஒன்று கொடியது. மாட்யூலை இணைக்கும்போது மதிப்பு என்பதற்குப் பதிலாக ‘மதிபு’ என்று அடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வெரிலாக் அதனைப் பிழை என்று கொள்ளாது. ‘மதிபு’ என்ற பெயரில் ஒற்றைக் கம்பி ஒன்றைத் தானே படைத்துக்கொள்ளும்! உங்கள் உண்மையான நான்கு கம்பிகள் எதனோடும் சேராமல் அந்தரத்தில் தொங்கும். ‘-வால்’ குறி இட்டிருந்தால் எச்சரிக்கை வரும். அதனினும் நல்லது, கோப்பின் தலையில் ‘`டிஃபால்ட்_நெட்டைப் நன்’ என்று ஒரு வரி எழுதிவிடுவது. அதன் பின் அறிவிக்காத பெயர் எதுவும் பிழையாகவே கொள்ளப்படும்.

மூன்றாம் வகையே நமக்கு முக்கியம். இலக்கணம் சரி, கட்டுமானம் சரி, நடத்தை தவறு. இதைக் கம்பைலர் கண்டுபிடித்துத் தராது. நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு விசிலுக்கு ஒரு தாள்

எண்ணியின் உள்ளே ‘<=’ என்றும், சோதனையில் ‘=’ என்றும் எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். இந்தச் சிறு வேற்றுமையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம்.

வரிசையாக நிற்கும் மாணவர்களை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். விசில் ஊதியதும் எல்லோரும் தம் தாளை அடுத்தவரிடம் தர வேண்டும். எல்லோரும் ஒரே கணத்தில் தந்தால், ஒரு விசிலுக்கு ஒவ்வொரு தாளும் ஓரிடம் நகரும். ஃபிளிப்-ஃபிளாப்புகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. ‘<=’ என்பது இதுவே: முதலில் எல்லோரும் தமக்கு இடப்பக்கம் உள்ளவர் கையில் இருப்பதைப் பார்த்துக்கொள்கிறார்கள்; பிறகே எல்லோர் கையும் மாறுகிறது.

‘=’ என்பதோ ஒருவர் பின் ஒருவராக நடப்பது. முதல்வர் இரண்டாமவரிடம் தருகிறார். இரண்டாமவர் அப்போது வாங்கியதையே மூன்றாமவரிடம் தள்ளுகிறார். ஒரே விசிலில் முதல் தாள் வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேருகிறது! மூன்று ஃபிளிப்-ஃபிளாப்பு வேண்டிய இடத்தில் ஒன்று இருப்பது போல ஆகிவிடுகிறது.

இன்னும் கேளுங்கள். ஒவ்வொரு மாணவரையும் தனித்தனி ‘ஆல்வேஸ்’ தொகுதியில் ‘=’ கொண்டு எழுதினால், யார் முதலில் நகர்வார் என்பதைத் தரநிலை வரையறுக்கவில்லை. ஒரு சிமுலேட்டரில் ஒரு விடையும் மற்றொன்றில் வேறு விடையும் வரலாம். இரண்டும் தரநிலைப்படி சரியே! இதற்குப் பந்தய நிலை என்று பெயர். எனவே ஆன்றோர் வகுத்த விதி: கிளாக் விளிம்பில் மாறுவனவற்றிற்கு ‘<=’; கிளாக் இல்லாத தர்க்கச் சுற்றுக்கு ‘=’.

தெரியாது என்று சொல்லும் நேர்மை

சாதாரணத் தர்க்கத்தில் 0, 1 என்ற இரண்டே மதிப்புகள். வெரிலாக்கில் நான்கு. மூன்றாவது ‘எக்ஸ்’: தெரியாது என்பது. நான்காவது ‘இசட்’: யாரும் பிடித்துக்கொள்ளாத கம்பி என்பது.

நம் எண்ணியில் ரீசெட் செய்யாமலே விட்டால் என்ன ஆகும்? மின்சாரம் வந்ததும் உண்மையான ஃபிளிப்-ஃபிளாப் 0-விலோ 1-இலோ விழும். எதில் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே சிமுலேட்டர் அதனை ‘எக்ஸ்’ என்கிறது. எக்ஸோடு ஒன்று கூட்டினால் எக்ஸ். மீண்டும் கூட்டினாலும் எக்ஸ். ஆயிரம் துடிப்புக்குப் பின்னும் அலைப் படம் சிவப்பாகவே நிற்கும். இதனைக் கருவியின் குற்றம் என்று கோபிப்போர் உண்டு. உண்மையில் அது நமக்குச் செய்யும் உதவி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவி, பொய்யாக 0 என்று காட்டும் கருவியினும் ஆயிரம் மடங்கு மேலானது.

ஆனால் இந்த நேர்மைக்கும் ஓர் ஓட்டை உண்டு. ‘இஃப்’ என்ற சொல், தனக்குள் வரும் எக்ஸை ‘இல்லை’ என்றே எடுத்துக்கொண்டு ‘எல்ஸ்’ வழியே போய்விடும். ஐயம் அங்கே மறைந்துபோகிறது. இதன் விளைவை அடுத்துக் காண்போம்.

தேர்வாளரை யார் தேர்வது?

எண்ணியை அலைப் படத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். பெரிய சுற்றைக் கண்ணால் பார்க்க இயலாது. ஆகவே சோதனை மேடையே விடையைச் சரிபார்க்குமாறு எழுத வேண்டும்: எதிர்பார்த்தது இது, கிடைத்தது அது, வேறுபட்டால் உரக்கச் சொல்.

இங்கேதான் ஓட்டை பகையாகிறது. ‘கிடைத்தது எதிர்பார்த்ததற்குச் சமமல்ல என்றால் பிழை’ என்பதற்கு ‘!=’ என்று எழுதுவது இயல்பு. கிடைத்தது எக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் 7-க்குச் சமமா? தெரியாது. எனவே ஒப்பீட்டின் விடையும் எக்ஸ். ‘இஃப்’ அதனை இல்லை என்று கொள்ளும். பிழை அறிவிப்பு வாராது. அடியோடு இயங்காத சுற்று, நூற்றுக்கு நூறு வாங்கித் தேறிவிடும்! ‘!==’ என்று மூன்று குறியாக எழுதினால், எக்ஸையும் ஒரு மதிப்பாகக் கருதி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்; பிழை அகப்படும். ஒரே ஒரு சமக்குறி! ஆனால் தேறியது உண்மையா பொய்யா என்பது அதிற்றான் தொங்குகிறது.

ஆதலால் நான் நண்பர்களுக்குக் கூறுவது: சோதனை மேடையையும் சோதியுங்கள். எண்ணியில் வேண்டுமென்றே ஒரு தவறைப் புகுத்துங்கள், ஒன்றுக்குப் பதில் இரண்டு கூட்டுங்கள், ரீசெட்டை எடுத்துவிடுங்கள். மேடை கூக்குரலிட வேண்டும். இடாவிட்டால், அது இதுவரை ‘சரி’ என்று கூறியதற்கெல்லாம் பொருளே இல்லை.

மற்றொரு கேள்வி: எவ்வளவு சோதித்தால் போதும்? எட்டு பிட் எண்கள் இரண்டைக் கூட்டும் சுற்றுக்கு 65,536 வகை உள்ளீடுகள். எல்லாவற்றையும் இக்காரஸில் சோதித்துவிட்டுத் தேநீருக்குப் போகலாம். 32 பிட் என்றால்? இரண்டின் 64-ஆம் அடுக்கு வகைகள். வினாடிக்குப் பத்து இலட்சம் வீதம் சோதித்தாலும் ஏறத்தாழ 5,84,000 ஆண்டுகள் ஆகும். எல்லாவற்றையும் சோதித்தல் இயலாது. எதைச் சோதிப்பது என்று தேர்ந்தெடுத்தலே அறிவு. பூச்சியம், மிகப் பெரிய எண், மிச்சம் கடைசிவரை ஓடும் கூட்டல், ரீசெட்டும் துடிப்பும் ஒருங்கே வரும் கணம் – இத்தகைய எல்லைகளில்தான் பிழைகள் ஒளிந்திருக்கும். பென்டியத்திலும் பெரும்பாலான வகுத்தல்கள் சரியாகவே இருந்தன. விடுபட்ட அந்த ஐந்து இடங்களைத் தொடும் கணக்குகளே காட்டிக்கொடுத்தன.

எல்லையும் அப்பாலும்

இக்காரஸ் செய்வது இயக்கிப் பார்த்தல். எழுத்தை உண்மையான வாயில்களாக மாற்றுவது வேறு வேலை; அதற்கு யோசிஸ் என்ற கட்டற்ற கருவி இருக்கிறது. ‘#5’ போன்ற பொறுத்தல்கள் இயக்கிப் பார்க்க மட்டுமே. வாயில்களாக மாற்றும்போது அவை புறக்கணிக்கப்படும். கம்பியில் மின்குறி செல்ல உண்மையில் ஆகும் நேரத்தையும் நாம் எழுதிய எண்ணி அறியாது. ஆகவே சிமுலேட்டரில் தேறியது முடிவன்று, முதற்படி. மிகப் பெரிய சுற்றுகளை விரைவாக ஓட்ட, வெரிலாக்கை சி++ ஆக மாற்றித்தரும் வெரிலேட்டர் உண்டு. வி.எச்.டி.எல். என்ற மற்றொரு மொழியில் எழுதுவோர்க்கு, இதே போன்று கட்டளை வரியில் இயங்கும் ஜி.எச்.டி.எல். உண்டு. ஒன்றைக் கற்றவர்க்கு மற்றது எளிது.

இவையெல்லாம் விளையாட்டுக் கருவிகள் என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி செயலிகள் புளூஸ்பெக் என்ற மொழியில் எழுதப்பட்டவை. அம்மொழியின் கம்பைலர் தருவதும் வெரிலாக்கே. 2018-இல் அச்செயலிகளுள் ஒன்று இன்டெல்லின் 22 நானோமீட்டர் முறையிலும், மற்றொன்று மொகாலி செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையிலும் சில்லாக வார்க்கப்பட்டன. புளூஸ்பெக் கம்பைலரும் 2020-இல் கட்டற்றதாகத் திறந்துவிடப்பட்டது. அதையும் கட்டளை வரியில்தான் ஓட்ட வேண்டும். அது தரும் வெரிலாக்கை இக்காரஸிலேயே இயக்கிப் பார்க்கலாம். அந்நிலைக்குப் போகும் பாதை, நம் விடுதி அறையில் எழுதும் நான்கு பிட் எண்ணியிலிருந்தே தொடங்குகிறது.

தோழர்களே! இக்கட்டுரையைப் படித்துவிட்டு மூடிவைப்பதால் பயனில்லை. இன்றிரவே எண்ணியை அடித்துப் பாருங்கள். ஓடினால், அது 9-க்குப் பின் 0-க்குத் திரும்புமாறு மாற்றுங்கள். பிறகு மேலும் கீழும் எண்ணச் செய்யுங்கள். மேலே 15-இல் நிற்கும்போது திசை மாறினால் என்ன வரவேண்டும் என்று முதலில் தாளில் எழுதுங்கள். அதன் பின் ஓட்டுங்கள். தாளும் திரையும் மாறுபட்டால் இரண்டில் ஒன்று தவறு. எது என்று கண்டுபிடிக்கும் அந்த அரை மணி நேரமே இக்கலையின் பாடம்.